20 சதவீதம் தள்ளுபடி, ஆனால் எதில்?

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இந்திய மளிகைக் கடைக்குப் போகிறவர்களுக்கு அந்த மேஜையைத் தெரிந்திருக்கும். கடை வாசலில் ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் பச்சைத் துணி, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன். "கரண்ட் பில்லில் 20 சதவீதம் மிச்சம், உங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம்" என்பான். முருங்கைக்காயும் கையுமாக நிற்கும் நம்மவர்களில் பாதிப் பேர் இது ஏமாற்று வேலை என்று நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு தரப்புக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அந்த மேஜையில் விற்கும் கம்யூனிட்டி சோலார் திட்டத்தில் நான் சேர்ந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். இனிமேல் இந்த லிங்க்கை அனுப்பிவிடலாம்.

முதலில், இது ஏமாற்று வேலை இல்லை. நியூஜெர்சியில் 2018-இல் வந்த கிளீன் எனர்ஜி சட்டத்தின் கீழ் கம்யூனிட்டி சோலார் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. 2023-இல் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு வாரியம் அதை நிரந்தரமாக்கியது. கிடங்குகளின் கூரை, பழைய குப்பை மேடு, கார் நிறுத்துமிடப் பந்தல் போன்ற இடங்களில் ஒரு நிறுவனம் பேனல் போடும். அந்த மின்சாரம் ஊர் கம்பியில் போய்ச் சேரும். நாம் அதில் ஒரு பங்குக்குச் சந்தாதாரர், அவ்வளவுதான். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகும்போது சாலை ஓரம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடங்குகளாகவே தெரியுமே, அந்த மாதிரிக் கூரைகளுக்குக் கிடைத்த நல்ல உபயோகம் இது.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்றால், எங்களுடையது டவுன்ஹவுஸ். வரிசையாக ஆறு வீட்டுக்கு ஒரே கூரை. தனி வீட்டுக்காரர் சோலார் போடுவதை ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், தடுக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. டவுன்ஹவுஸுக்கும் அது உண்டு, ஆனால் கூரையைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருந்தால்தான். எங்கள் பத்திரப்படி கூரை சங்கத்தின் பொறுப்பு. ஆக, வீடு என் பெயரில், கடன் என் தலையில், கூரை மட்டும் என்னுடையது இல்லை. சொத்து வரி கட்டும்போது இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். போன் செய்கிற எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான்.

20 சதவீதத் தள்ளுபடி மொத்த பில்லில் இல்லை, சோலார் கிரெடிட்டில். நம் பங்குக்கு அந்தப் பேனல் தந்த மின்சாரத்துக்காகக் கரண்ட் பில்லில் கழிக்கும் தொகைதான் கிரெடிட். என் ஜூலை பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி நாள் முழுக்க ஓடிய மாதம். மொத்தம் 240 டாலர். அதில் கம்யூனிட்டி சோலார் கிரெடிட் என்று ஒரு வரி, முன்னால் மைனஸ் குறியோடு 150 டாலர். ஆக மின் நிறுவனத்துக்கு நான் கட்டியது 90. அப்புறம் சோலார் நிறுவனம் தனியாக ஒரு பில் அனுப்பும்: 150-இல் 20 சதவீதம் கழித்து 120. இரண்டையும் கூட்டினால் 210. மிச்சம் 30 டாலர். 240-க்கு 20 சதவீதம் 48 ஆச்சே என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்கள்தான் ஏமாந்துவிட்டோம் என்று புலம்புகிறார்கள்.

ஜனவரியில் இன்னும் வேடிக்கை. பிஎஸ்இஜி என்ற மின் நிறுவனத்தின் பகுதியில் பலருக்குக் கேஸும் கரண்ட்டும் ஒரே பில்லில்தான் வரும். குளிர்காலத்தில் ஹீட்டர் கேஸ்தான் பில்லை விழுங்கும். கேஸுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. சூரியனும் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது. அந்த மாதம் எனக்கு வந்த கிரெடிட் 40 டாலர், மிச்சம் 8. ஒரு நல்ல காபிப் பொடி பாக்கெட் வாங்கலாம். ஒரு வருஷத்தை மொத்தமாகப் பார்த்தால்தான் இதன் லாப நஷ்டம் தெரியும். கோடையில் சேர்ந்து ஒரு மாதத்தில் துள்ளிக் குதிப்பதும் வேண்டாம், டிசம்பரில் சேர்ந்துவிட்டுச் சண்டைக்குப் போவதும் வேண்டாம். கிரெடிட் பில்லில் ஏறவே ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. அவர் பாளையங்கோட்டையில் இந்திய அரசின் சூரிய கர் கூரை சோலார் திட்டத்தில் மூன்று கிலோவாட் போட்டு 78,000 ரூபாய் மானியம் வாங்கியவர். தினமும் சாயங்காலம் மொபைலில் இன்றைக்கு எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். "உன் பேனல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். ஏதோ ஒரு கிடங்குக் கூரையில் இருக்குப்பா என்றேன். "நீ போய்ப் பார்த்தியா?" பார்க்கவில்லை. "அப்ப அது உன்னுது எப்படி?" நியாயமான கேள்விதான். அது என்னுடையது இல்லை. பேனல் அந்த நிறுவனத்துடையது, வரிச் சலுகை அவர்களுக்கு, சோலார் உற்பத்திக்கான சான்றிதழும் அவர்களுக்கு. அந்தச் சான்றிதழை அவர்கள் விற்றுவிடுவார்கள், சூரிய மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் அதோடு போய்விடும். அதனால், நான் ஓட்டுவது சூரிய மின்சாரத்தில் என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது கொஞ்சம் ஓவர். அந்தப் பேனல் அங்கே வர நம் சந்தாவும் ஒரு காரணம், அந்த அளவில் பெருமைப்படலாம்.

இதை விலையேற்றத்துக்கான கவசம் என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜூன் முதல் தேதி இங்கே கரண்ட் பில் 17 முதல் 20 சதவீதம் வரை ஏறியது நினைவிருக்கும். இந்தப் பகுதியின் மின் கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம் நிறுவனத்தின் ஏலத்தில், தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்காக மின் நிலையங்களுக்குக் கொடுக்கும் கெப்பாசிட்டி விலை, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 ஆனதன் விளைவு அது. அப்போது என் கிரெடிட்டும் கூடியது, அதனால் சோலார் நிறுவனத்துக்குக் கட்டும் தொகையும் கூடியது. மிச்சம் சில டாலர் அதிகமானது உண்மை. ஆனால் சொந்தக் கூரையில் பேனல் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் நிம்மதி வேறு. கூரை உங்களுடையதாக இருந்து, தெற்குப் பக்கம் மரம் மறைக்காமல் இருந்தால், முதலில் அதைத்தான் பாருங்கள். சொந்தமாகப் போடுபவருக்கு இருந்த 30 சதவீத மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது, அதனால் அந்தக் கணக்கும் இப்போது முன்போல் அவ்வளவு சுலபம் இல்லை.

மேஜைக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "இது கம்யூனிட்டி சோலாரா, இல்லை சப்ளையர் மாற்றமா?" 1999 முதல் இந்த மாநிலத்தில் மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதைப் பயன்படுத்தி, பசுமை மின்சாரம் என்று சொல்லி சப்ளையரை மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில மாதம் ஒரு விலை, பிறகு அவர்கள் இஷ்டம். எங்கள் தெருவில் ஒரு மாமி அப்படி மாட்டினார். கம்யூனிட்டி சோலாரில் உங்கள் சப்ளையர் மாறவே மாறாது. பில்லைப் போட்டோ எடுக்கக் கேட்டால், ஒப்பந்தத்தைப் படித்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். தள்ளுபடி சதவீதம் எழுத்தில் இருக்கிறதா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகினால் கட்டணம் உண்டா, இந்த மூன்று வரியைத் தேடிப் பிடித்தால் போதும். நிரந்தரத் திட்டத்தில் குறைந்தது 15 சதவீதம் தந்தாக வேண்டும், அதற்குக் கீழே யாராவது பேசினால் நடையைக் கட்டுங்கள்.

ஒரு திட்டத்தின் 51 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் போக வேண்டும் என்று விதி. ஐடியில் இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருப்பது இதனால்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கும் பெரியவர்கள், ஒரே சம்பளத்தில் ஓட்டும் குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், போன பன்னிரண்டு மாத பில் மட்டும் கையில் இருக்கட்டும். வீடு மாறப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சந்தா அதே மின் நிறுவனத்தின் எல்லைக்குள்தான் செல்லும். பிஎஸ்இஜி பகுதியிலிருந்து ஜேசிபிஎல் என்ற இன்னொரு மின் நிறுவனத்தின் பகுதிக்குப் போனால் அங்கே புதிதாகத்தான் சேர வேண்டும்.