சோப்புப் பெட்டிக்குள் ஈரம்

2008 பெப்ரவரியில், நான் ரொறொன்ரோவுக்கு வந்த ஆறாவது வாரம், அதிகாலை இரண்டு மணியளவில் அறைக்குள் யாரோ காய்ந்த சுள்ளியை முறித்தது போன்ற சத்தம் கேட்டு விழித்தேன். ரேடியேற்றர் குழாய்தான் வழக்கம்போலத் தட்டுகிறது என்று நினைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். விடிந்தபின் பார்த்தபோது, சுவரில் கொழுவியிருந்த கிற்றாரின் முகப்பலகையில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழிருந்து அடி விளிம்பு வரைக்கும் மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எடுத்து மடியில் வைத்து இடது கையைக் கழுத்தின் மேலும் கீழும் ஓட்டினேன். சுட்டுவிரலின் பக்கத்துத் தோல் கீறுப்பட்டது. முன்பு வழுவழுவென்று இருந்த கழுத்து விளிம்பில், சுரங்களைப் பிரிக்கக் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளின் நுனிகள் சின்னச் சின்ன முட்களாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அது என் மாமாவின் கிற்றார். எழுபதுகளில், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களால் ஈழத்துப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் குருநகரில் கிற்றார் பழகிய இளைஞர்களில் அவரும் ஒருவர். சனிக்கிழமை கலியாண வீட்டில் பைலா என்னும் ஆட்டப்பாட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் பாடகர் குழு என்று இரண்டுக்கும் ஒரே கிற்றாரைத்தான் கொண்டுபோவார். வீட்டு முற்றத்தில் நின்றால் கடல் தெரியும். அந்த உப்புக் காற்றில் புதிய கம்பிகூட இரண்டு கிழமையில் பழுப்பேறிவிடும். மாரி தொடங்கினால் முகப்பலகை ஈரத்தைக் குடித்து வயிறு போலப் புடைத்துக்கொள்ளும். கம்பிகள் மேலே எழும்பி, அழுத்தினால் விரல் நுனி நோகும். அதனால் மாமா பெட்டிக்குள் பச்சையரிசியைத் துணியில் முடிந்து வைத்திருப்பார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரியே கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாள்களில் கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? பழைய கம்பிகளைக் கழற்றிக் கொதிநீரில் அவித்துத் துடைத்து மறுபடி பூட்டுவார். அறுந்துபோன முதலாம் கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் கம்பியின் ஓர் இழையைப் பிரித்துப் போட்டதும் உண்டு. 1995 ஒக்ரோபரில் போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்த மழை இரவிலும், உரப்பையால் சுற்றிய கிற்றாரைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார். நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது அதை என் கையில் தந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “தம்பி, நனையவிடாதை. மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்.”

நான் நனையவிடவில்லை. வெடித்தது அதனால்தான் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

நான் அப்போது எக்ளிங்டன் மேற்கு வீதியில், ஓக்வூட் சந்திக்கு அண்மையில், ஒரு கடையின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். நம்மவர்கள் பெரும்பாலும் நகரின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில்தான் வாழ்க்கையைத் தொடங்குவார்கள். எனக்குக் கிடைத்த வேலை மேற்கே ஒரு பாண் தொழிற்சாலையில். விடியற்காலை ஷிவ்ற்றுக்கு 32ஆம் இலக்கப் பேருந்தில் கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதற்காக அங்கே அறை பிடித்தேன். “அந்தப் பக்கம் ஏன் போனாய்?” என்று ஸ்காபரோ உறவினர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்குள் என்ன இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பகுதிக்கு லிற்றில் ஜமைக்கா என்று பெயர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அந்த வீதி நெடுக முடிதிருத்தும் கடைகளும் இசைத்தட்டுக் கடைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் திறந்து, ஜமைக்காவுக்கு வெளியே ரெகே இசையின் முக்கிய ஊர்களில் ஒன்றாக ரொறொன்ரோவை ஆக்கியிருந்தார்கள். கிங்ஸ்டனின் ஸ்ரூடியோ வன் கூடத்தில் ஓர்கன் வாசித்துப் புகழ்பெற்ற ஜக்கி மிற்றூ இந்த நகரத்தில் குடியேறி, 1990இல் இங்கேயே காலமானார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. முதல் வாரத்தில் எனக்குத் தெரிந்தது, அங்கே விற்ற, ‘பற்றி’ என்னும் இறைச்சி அடைத்த பணியாரம் நம்மூர்ப் பற்றிஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்பதும், அவர்களின் ஆட்டுக்கறிக்கு வெள்ளைச் சோறு நன்றாகச் சேரும் என்பதும்தான்.

வெடித்த கிற்றாரை முதலில் நகரின் மையத்தில் ஒரு திருத்துமிடத்துக்குத்தான் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பெட்டியை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. திருத்தும் செலவுக்குப் புதிதாக ஒன்றே வாங்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்து படியேறும்போது, கீழ்க் கடையில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஜமைக்காப் பெரியவர் என் கையிலிருந்த பெட்டியைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். கிற்றாரை வெளியே எடுத்தவர் வெடிப்பைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரலைக் கழுத்து விளிம்பில் ஒருமுறை ஓட்டிவிட்டு, “உன் அறையில் தாகம் எடுப்பது உனக்கு மட்டுமில்லை” என்றார்.

பிறகு அவர் விளக்கியதை நான் இன்றுவரை பலருக்குச் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் சுமக்க முடியாது. வெளியே கழித்தல் 15 டிகிரி என்றால், அந்தக் காற்றில் கொள்ளுமட்டும் ஈரம் இருந்தாலும், வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானவுடன் அதன் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சு விடுவதாலும்தான் அது இருபதையாவது தொடுகிறது. வாடகை வீட்டைப் பனிக்காலம் முழுவதும் குறைந்தது 21 டிகிரியில் வைத்திருக்கவேண்டும் என்பது நான் வந்த காலத்து நகரச் சட்டம். மனிதருக்கு நல்ல சட்டம், மரத்துக்கு அல்ல. கிற்றாருக்கு வேண்டியது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். அது குறைந்தால் மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். கழுத்துப் பலகை ஒடுங்கும், அதில் பதித்த பிரெட் உலோகம் ஒடுங்காது. ஆகவே முள் நீட்டும். முகப்பலகையோ விளிம்புகளில் ஒட்டப்பட்டு, உள்ளே குறுக்குச் சட்டங்களால் பிடிக்கப்பட்டு, மேலே ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் நிலையில், சுருங்க இடமில்லாமல் கிழிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் வயிறு தள்ளிய அதே பலகை இங்கே வயிறொட்டிப் போய், கம்பிகள் தாழ்ந்து பிரெட்டில் உரசி இரைந்தன.

நான் உடனே ஒட்டித் தாருங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார். வெடிப்பு விரிந்திருக்கும்போது ஒட்டினால், கோடையில் மரம் ஊறும்போது பக்கத்தில் வேறோர் இடத்தில் பிதுங்குமாம். பிளாஸ்ரிக் சோப்புப் பெட்டி ஒன்றின் மூடியில் சூடாக்கிய ஆணியால் துளைகள் போட்டு, ஒரு துண்டுக் கடற்பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து உள்ளே வைத்து, அதைக் கிற்றாரின் தலைப்பக்கத்தில் பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னார். பஞ்சு சொட்டக்கூடாது, குழாய்த் தண்ணீரைவிடக் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் பஞ்சில் உப்புப் படியும், சுவரில் கொழுவவே கூடாது, அதுவும் ரேடியேற்றருக்கு மேலே. இரண்டு கிழமை கழித்துத் திறந்தபோது வெடிப்பு இருந்த இடத்தை விரலால் தடவித் தேடவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பசை தடவினார். ஒலித்துளைக்குள் கையை விட்டு, தபால் முத்திரையின் பாதிகூட வராத மெல்லிய மரத் துண்டுகள் நான்கை, வெடிப்புக்குக் குறுக்கே உள்ளிருந்து ஒட்டினார். துருத்திய பிரெட் நுனிகளை மெல்லிய அரத்தால் ஒவ்வொன்றாக உருட்டினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்த ‘கிறீச் கிறீச்’ சத்தத்தைத் தவிர கடையில் வேறெதுவும் இல்லை. கூலியாக என்னிடம் ஒரு பைலாத் தாளத்தைத்தான் கேட்டார்.

வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, “உனக்கு வாயை மூடத் தெரியாது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது உண்மை. கலியாண வீட்டில் மின்சாரம் இல்லாமல், மேளமும் கைதட்டலும் சூழ வாசித்துப் பழகிய கை, தாளத்தில் ஓர் இடத்தையும் வெறுமையாக விடாது. அவரோ கிற்றாரை வாங்கி, இரண்டாம் நான்காம் அடிகளில் மட்டும் ஒரு வெட்டு வெட்டினார். வெட்டிய கணமே இடது கையின் அழுத்தத்தைத் தளர்த்தினார், விரல் கம்பியை விட்டு விலகாமலே. ஒலி பிறந்தவுடன் செத்தது. மிச்ச இடமெல்லாம் பேஸ் கிற்றாருக்குச் சொந்தமாம். கேட்க எளிது, எனக்கு அந்த விடுதல் கைவர ஒரு வருடம் சென்றது. இன்றும் அசதியாக இருக்கும் நாளில் என் கை பைலாவுக்கே ஓடிவிடுகிறது, நான் தடுப்பதில்லை.

இசைக்குள் நேரடியாக வராத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஊரில் மின்சாரம் இருந்த காலங்களில், சந்தியிலிருந்த டிரான்ஸ்போமரின் இரைச்சலைக் கேட்டு மாமா ஆறாம் கம்பியின் மூன்றாம் பிரெட்டில் ஜி என்ற சுரத்தைப் பிடித்துச் சுருதி சேர்ப்பார். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டிரான்ஸ்போமர் அதன் இரு மடங்கில், 100இல் இரையும், ஜி 98. கிட்டத்தட்டப் பொருந்திவிடும். கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இரைச்சல் 120. ஆறாம் கம்பியில் தேடினால் அது ஆறாம் பிரெட்டுக்கும் ஏழாம் பிரெட்டுக்கும் நடுவில், எந்தச் சுரத்திலும் சேராமல் விழுகிறது. முதல் வருடத்தில் குளிர்சாதனப் பெட்டி ஓடும்போதெல்லாம் கிற்றார் சுருதி பிசகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

2011இல் எக்ளிங்டனுக்குக் கீழே ரயில் பாதை தோண்டத் தொடங்கினார்கள். நகரத்தின் குறுக்கே 19 கிலோமீற்றர், 25 தரிப்பிடங்கள். கிழக்கே கென்னடி வரை, அதாவது எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் பக்கம் வரை. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்க மூன்று வாகனம் மாறும் எனக்கு, ஒரே வீதியின் இரு முனைகளையும் ஒரே ரயில் இணைக்கும் என்பது பெரிய செய்தி. 2020இல் ஓடும் என்றார்கள். 2020 வந்து போனது, ரயில் வரவில்லை. அதற்கிடையில் கடைகளுக்கு முன்னால் வேலி வந்தது, வாகனம் நிறுத்தும் இடம் போனது, பேருந்துத் தரிப்பிடம் மாதத்துக்கொரு மூலைக்கு நகர்ந்தது. துளையிடும் இயந்திரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது, என் கிற்றாரின் ஐந்தாம் கம்பி யாரும் தொடாமலே முனகும். சாளரத்தைச் சாத்தியே வைத்திருந்தாலும் கம்பிகளில் சிமெந்துத் தூசி படியும். துடைத்த துணி சாம்பல் நிறமாகும். மேல்மாடியில் இருந்த எனக்கு இது தொல்லை, அவ்வளவுதான். கீழே கடை வைத்திருந்தவர்களுக்கு அது பிழைப்பு. வேலியைச் சுற்றி வந்து ஒரு இசைத்தட்டு வாங்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதலில் எதிர்ப்பக்கத்து முடிதிருத்தும் கடை, பிறகு துணிக்கடை, பிறகு ‘பற்றி’க் கடை என்று இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதே ஆண்டுகளில்தான் அங்கே ஒரு சந்துக்கு ரெகே லேன் என்று பெயர் வைத்து, சுவரில் இசைக்கலைஞர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார்கள். அழகான ஓவியம். அந்த முகங்கள் பாடிய தட்டுகளை விற்ற கடைகள் மூடிக்கொண்டிருந்தபோது அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பெரியவர் 2017இல் கடையைக் கட்டிவிட்டு பிரம்ரனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். தட்டுகளைப் பெட்டி பெட்டியாக இறக்க நான் உதவினேன். போகும்போது தன் கடைச் சுவரிலிருந்த, உள்ளங்கையளவு வட்ட ஈரமானியைக் கழற்றி எனக்குத் தந்தார். அதன் முள் நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும், கழித்துப் பார் என்றார். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கோப்பி விற்கிறார்கள். ஒரு கோப்பியின் விலைக்கு முன்பு இரண்டு ‘பற்றி’ வாங்கலாம். என் வாடகை ஏறாதது, நான் அறையை மாற்றாததால்தான். பக்கத்து அறைக்கு வந்திருக்கும் மாணவன் போன மாசி மாதம் தன் புதுக் கிற்றார் இரைகிறது என்று கதவைத் தட்டினான். கட்டைவிரலை அதன் கழுத்து விளிம்பில் ஓட்டிப் பார்த்தேன். வீட்டில் சோப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

மாமா இன்னமும் குருநகரில்தான் இருக்கிறார். வீடியோவில் அழைத்தால் என் முகத்தைப் பார்த்து முடியுமுன்னே கிற்றாரைக் காட்டச் சொல்வார். ஈரமானியின் முள் நாற்பத்தொன்பதில் நிற்க, கிற்றார் பெட்டியைத் திறந்து, ஈரப் பஞ்சு வைத்த சோப்புப் பெட்டியை எடுத்துத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டு, அதன் பிறகுதான் தொலைபேசியைத் திருப்புகிறேன். “நனையவிடேல்லைத்தானே?” என்பார். “இல்லை மாமா” என்பேன்.