இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பாம்பு

மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளை, பாம்பு கணக்கெடுக்கும் வேலை எனக்கு. பெரும்பாலும் இரவில், மழைக்காலத்தில், ஓடைக்கரை வழியாக நடை. புதிதாக வருகிறவர்கள் மரத்தில் வாழும் குழிவிரியனைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி, செங்குத்தான கண்பாவை, முக்கோணத் தலை. எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குழி வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால், நீங்கள் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறீர்கள். கையில் பிடித்த பாம்புக்கும் பாட்டிலில் கிடக்கிற பாம்புக்கும் எழுதிய அடையாளங்கள் இவை.

நிறத்தையும் நான் நம்புவதில்லை. மலபார் குழிவிரியன் இந்த மலைத்தொடரில் மட்டுமே உண்டு. பச்சை, பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று எந்தச் சட்டையிலும் வரும். வெறும் பச்சை என்றால் பச்சைப் பாம்பும் பச்சைதான். தலை அகலம், கழுத்து ஒல்லி, செங்குத்துக் கண்பாவை என்று பார்த்தால் பூனைப் பாம்பும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தூரத்திலிருந்து எனக்கு உதவுவது பாம்பு இருக்கிற தினுசு. பச்சைப் பாம்பு சாட்டை போல மெல்லியது, கூர்மூக்கு, பகலில் நடமாடுவது. பூனைப் பாம்பு இரவில் கிளைவிட்டுக் கிளை நகர்ந்து இரை தேடும். குழிவிரியனுக்கு உடம்பு தடிப்பு, வால் குட்டை. அந்த வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு, முன்னுடலை மடித்து வைத்து, தவளை வரும் என்று ஒரே இடத்தில் காத்துக் கிடக்கும். விளக்கு பட்டாலும் பெரும்பாலும் அசையாது. முந்தின இரவு பார்த்த கிளையிலேயே மறுநாளும் இருக்கும்.

சிக்கலே அங்கேதான். நாகம் படமெடுக்கும், சாரை ஓடிவிடும், இது சும்மா இருக்கும். பாறை வழுக்கும்போது பிடிமானத்துக்குக் கை போகிற உயரத்தில்தான் அதை அதிகம் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வழிகாட்டும் பெரியவர் ஒருவர் ஓடையில் இறங்குவதற்கு முன் தவறாமல் சொல்வார்: "தம்பி, வழுக்கினா அப்படியே உக்காந்திடுங்க. கொப்பை மட்டும் பிடிச்சிராதீங்க."

ஊரில் பயமெல்லாம் வேறு பாம்புகள் மேல். கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரமேறிப் பார்க்குமாம் கொம்பேறி மூக்கன். அதற்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமாம். குழிவிரியனைப் பற்றி மட்டும் அப்படி ஒரு கதை என் காதில் விழுந்ததில்லை.

பாம்பு தென்பட்டால் எல்லோரும் இரண்டு மீட்டருக்கு அப்பால். ஒரு மீட்டரைத் தாண்டி வளர்வது அபூர்வம் என்பதால் அந்த இடைவெளி போதும். கிளையை வளைப்பதோ இலையை விலக்குவதோ கிடையாது. ஜூம் வைத்துத் தலையைப் பக்கவாட்டில் ஒரு படம், முழு உடம்புக்கு ஒரு படம். குழியை அறைக்கு வந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். படம் தெளிவில்லையா, 'குழிவிரியன், இனம் உறுதியில்லை' என்று தாளில் எழுதிவிடுவேன். அப்படி எழுதக் கூச்சப்படுகிற இளைஞர்களிடம் கார்ல் ஷ்மிட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. சிகாகோ அருங்காட்சியகத்தின் பாம்பு நிபுணர் அவர். 1957-இல் என்ன பாம்பு என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி ஒரு குட்டியை அவரிடம் அனுப்பினார்கள். ஆப்பிரிக்க மரப்பாம்பான பூம்ஸ்லாங் அது. கையில் பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரலில் கடித்தது. மறுநாள் இறந்துபோனார்.

குழிவிரியன் கடித்து உயிர் போவது அரிது. ஆனால் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும். அப்புறம் இன்னொன்று. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. குழிவிரியன் அதில் இல்லை. அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். அதனால் கடிபட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது தூரத்திலிருந்து எடுத்த படம் போனில் இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். இல்லாவிட்டாலும் பாம்பைத் தேடிப் பிடிக்க யாரும் திரும்பிப் போக வேண்டாம்.