மலையேறும் முன் 18 மணி நேரம்

பிப்ரவரி 2, உதகை

நீலகிரியிலிருந்து ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் முக்குளிக்க, போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, கடைசி முக்குளிப்பை அதற்கேற்ப வைக்க வேண்டும். அந்தமானிலிருந்து விமானத்தில் வருகிறவர்களைப் பயிற்றுநரே எச்சரித்துவிடுவார். ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ முங்கிவிட்டு, விமானம்தான் இல்லையே என்று அன்று மாலையே காரில் கிளம்புகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடாக இருக்கும். உதகையும் சுமார் 2,240 மீட்டர் உயரம்; அங்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு குறைவு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பி நிற்பது இதனால்தான்.

பிப்ரவரி 9, சுவராஜ் தீவு, அந்தமான்

18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல 2.8 மடங்கு. சுவாசிக்கும் நைட்ரஜனும் அதற்கேற்ப உடலில் கூடுதலாகக் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழியாகிவிடும். அது மெல்ல வெளியேற, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) காற்று மிச்சத்தோடு மேலே வர வேண்டும்.

இடுப்பில் கட்டும் எடை அதிகமானால் கால் தாழ்ந்து, காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடிக்கும். உருண்டைப் பவளங்களில் பலவும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. ஒரு உதை போதும், பல வருட வளர்ச்சி போய்விடும். மூச்சை இழுத்தால் சற்று எழுவோம், விட்டால் தாழ்வோம். பவளத்தின் மேல் உயரத்தை இப்படித்தான் சரிசெய்ய வேண்டும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. அசையாமல் மிதந்தால் கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்கும். எத்தனை அழகு!

பிப்ரவரி 12, மேட்டுப்பாளையம்

கடைசி முக்குளிப்புக்கும் மலையேறுவதற்கும் நடுவே, ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம், பல என்றால் 18, இது குறைந்தபட்சம். ஒரு நாள் முழுக்க விடுவது இன்னும் நல்லது.

உடலில் நைட்ரஜன் குமிழி உண்டானால் தெரியும் அறிகுறிகள்: மூட்டுவலி, தோலில் அரிப்பு, விரல் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி, தலைசுற்றல். கொண்டை ஊசி வளைவுகளில் வரும் மயக்கம் என்று இவற்றைத் தள்ளிவிடுவதுதான் ஆபத்து. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மலையேறக் கூடாது. படுக்கவைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, முக்குளித்த விவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரை குமிழியைக் கரைக்காது; காற்றழுத்தத்தைக் கூட்டிய அறையில் வைக்கும் அழுத்த அறைச் சிகிச்சை தேவைப்படலாம்.

பிப்ரவரி 15, உதகை

இந்த மூடுபனியில் வெட்சூட் (முக்குளிக்கும்போது குளிர் தாங்க அணியும் உடை) லேசில் காயாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, அகலமான ஹேங்கரில், காற்றோட்டமான அறையில் தொங்கவிட வேண்டும். ஹீட்டர் பக்கம் வைத்தால் அதன் நியோப்ரீன் ரப்பர் கெடும். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் ஊறவைக்கும்போது, சிலிண்டரில் மாட்டும் முனையின் தூசி மூடி இறுக்கமாக இருக்கட்டும். அப்போது வாய்ப்பகுதியில் உள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தினால் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போய், சிலிண்டரில் மாட்டும் முதல் நிலை பாகம் அரிக்கத் தொடங்கும்.