கட் ஆஃப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கணிதத்தில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 94. கணிதம் முழுமையாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர, பொறியியல் கலந்தாய்வுக்கு என் மகளுக்கு 200க்கு 190 கட் ஆஃப் வந்தது. சென்னையில் நாங்கள் கேட்ட எல்லோரும் உடனே கல்லூரிவாரியான சென்ற ஆண்டுக் கட் ஆஃப் பட்டியலைப் பார்க்கச் சொன்னார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதிலுள்ள எண், அந்தக் கல்லூரியின் பாடப்பிரிவில் கடைசியாக இடம் பெற்ற மாணவரின் மதிப்பெண்ணே தவிர, கல்லூரி நிர்ணயித்த தகுதி மதிப்பெண் அன்று.

கணித வினாத்தாள் எளிதாக அமையும் ஆண்டில் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறிவிடுவதால், அதே 190க்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. 2021இல் பெருந்தொற்றால் பொதுத்தேர்வே நடக்காமல் பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதமும், பதினொன்றாம் வகுப்புக்கு 20 சதவீதமும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதமும் கொடுத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட் ஆஃபை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசை எண்ணைப் பிடித்துக்கொள்வதே நல்லது. இந்த ஆண்டு உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த எண்ணையும், சென்ற ஆண்டு அந்தப் பாடப்பிரிவு எந்தத் தரவரிசை வரை சென்றது என்பதையும் ஒப்பிட்டால் நிலைமை ஓரளவு தெளிவாகும்.

தரவரிசையிலும் பொது எண், சமூகவாரி எண் என்று இரண்டு உண்டு. 31 சதவீதப் பொதுப்பிரிவு இடங்கள் எல்லாச் சமூகத்தினருக்கும் உரியவை என்பதால், உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிசி (பிற்படுத்தப்பட்டோர்), எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) மாணவர்கள் பலர் அங்கேயே இடம்பெற்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகே 26.5 சதவீத பிசி இடங்களும் 20 சதவீத எம்பிசி இடங்களும் நிரம்புகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களின் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தனிப் பட்டியல் இருப்பதால், அதன் கட் ஆஃபைப் பொதுப் பட்டியலோடு கலந்து பார்க்கக் கூடாது. இன்னொன்று, ‘190இல் முடிந்தது’ என்றால் 190 எடுத்த எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்று பொருளாகாது. கட் ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்; எதிலும் வேறுபாடு இல்லையென்றால் கடைசியில் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி தரும் ரேண்டம் எண்தான் தீர்மானிக்கும்.

விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் சாய்ஸ் ஃபில்லிங்கில் பலரும் தயங்குவது, எட்டாத கல்லூரியை மேலே வைத்தால் வாய்ப்பு வீணாகுமோ என்பதில்தான். வீணாகாது. மாணவரின் முறை வரும்போது அவருடைய பட்டியலை மேலிருந்து பார்த்து, அந்த நேரத்தில் காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குகிறார்கள். அதனால் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியலையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் தயங்காமல் முதல் வரிகளில் எழுதினோம். அதிக நேரம் செலவிட்டது பட்டியலின் அடிப்பகுதியில்தான். சென்ற ஆண்டு அவளுடைய எண்ணையும் தாண்டி வெகுதூரம் இடம் இருந்த, உண்மையிலேயே சேரச் சம்மதமான கல்லூரிகளை மட்டுமே அங்கே வைத்தோம்.