மைதானம் பட்டியலில் ஏறியது, கார் நிறுத்துமிடம் ஏறவில்லை

எங்கள் கால்பந்து மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிடக் கேட்டு, உள்ளாட்சிக் கவுன்சிலுக்கு 34 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். அதில் 19 மட்டுமே செல்லும் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. தேவை 21. அடித்துவிட்ட பதினைந்தில் என் கையெழுத்தும் ஒன்று. விண்ணப்பத்தை எழுதியவனே கணக்கில் இல்லை!

எங்கள் கிளப் இங்கிலாந்துக் கால்பந்தின் எட்டாம் அடுக்கில் ஆடுகிறது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு இருநூறு பேர் வந்துவிட்டால் தேநீர்க் கடையில் பால் தீர்ந்துவிடும். நிலம் கவுன்சிலுடையது, கிளப் அதை 99 ஆண்டுக் குத்தகையில் வைத்திருக்கிறது. மேற்குக் கோலுக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடம் மட்டும் குத்தகையில் சேராது. ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு பயன்படுத்துகிறோம். சென்ற கோடையில் கவுன்சில் வெளியிட்ட வரைவு ஊரமைப்புத் திட்டத்தில், வீடு கட்ட ஏற்ற இடங்கள் என்ற அட்டவணையில், அந்தக் கார் நிறுத்துமிடம் ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது. ரசிகர்களில் ஒருவர் இரவு முழுக்கப் படித்துக் கண்டுபிடித்தார்.

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி ஓர் இடத்தை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலிடக் கேட்கலாம் என்பது இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2013இல் ஆக்ஸ்போர்டு யுனைடெட் ரசிகர்கள் கஸாம் ஸ்டேடியத்தையும், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டையும் இப்படித்தான் ஏற்றினார்கள். பட்டியலில் இருக்கும் இடத்தை உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர் அமைப்பு ஒன்று வாங்க விரும்பினால் ஆறு மாதம் வரை விற்பனை நிற்கும். எங்களுக்கு அது போதும் என்று நினைத்தோம். லண்டனின் சார்ல்டன் கிளப் ரசிகர்களைப் போல, மைதானத்துக்குத் திரும்ப விடவில்லை என்பதற்காக 1990இல் தனிக் கட்சி தொடங்கி, கவுன்சில் தேர்தலில் நின்று 14,838 வாக்குகள் வாங்குவதற்கு நம்மிடம் ஆள் ஏது? (அவர்கள் 1992 டிசம்பரில் 'தி வேலி' என்ற அந்த மைதானத்துக்குத் திரும்பியே விட்டார்கள்.)

படிவம் எட்டுப் பக்கம். நிரப்ப இரண்டு மாலை ஆயிற்று. தொல்லை அதற்குப் பிறகுதான்.

பதிவு பெறாத குழுவாக விண்ணப்பித்தால், உறுப்பினர்களில் குறைந்தது 21 பேர் உள்ளூர் வாக்காளர்களாக இருக்க வேண்டும். நாங்கள் அரையிறுதி ஆட்டத்தன்று நுழைவாயிலில் அட்டையை நீட்டி, வந்தவர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். அது முதல் தவறு. ஐம்பது ஆண்டுகளாக ஆட்டம் பார்க்க வரும் பெரியவர் ஒருவர், இப்போது மகள் வீட்டில், இரண்டு மாவட்டம் தள்ளி வசிக்கிறார். அவர் கையெழுத்துச் செல்லாது. அவரையும் சேர்த்து அப்படி ஐந்து பேர். மூன்று பேரின் பெயரை அவர்களாலேயே வாசிக்க முடியவில்லை. இந்த எட்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயரை ஏன் அடித்தார்கள்? நம் ஊர் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். வாக்காளர் பட்டியலில் தந்தையின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. அலுவலர் பார்வையில் இருவரும் வேறு வேறு ஆள்கள். தொலைபேசியில் கேட்டபோது, "நீங்கள் இந்தியக் குடிமகன் என்றால் வாக்குரிமையே இருக்காதே" என்று வேறு சொன்னார். காமன்வெல்த் நாட்டவர் இங்கே சட்டப்படி வசித்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதை, வாக்காளர் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்துக்கே நான் விளக்க வேண்டியிருந்தது. நம்மவர்கள் கவனிக்க: எந்த அட்டையிலும் வாக்காளர் பட்டியலில் இருப்பதுபோலவே எழுத்து பிசகாமல் பெயர் எழுதுங்கள்.

மீதி ஆறு பேர் பக்கத்துக் கவுன்சில் எல்லைக்குள் இருப்பவர்கள். 'எங்கள் பகுதி வாக்காளர்கள் அல்லர்' என்று ஒரே கோடு. எனக்கு முதலில் அது நியாயமாகவே பட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அண்டைக் கவுன்சில் பகுதி வாக்காளர்களும் கணக்கில் சேர்வார்கள் என்று அதிலேயே இருக்கிறது. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினேன். பதினொரு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில்: "உங்கள் விளக்கத்தை ஏற்கிறோம்." வருத்தம் என்ற சொல் இல்லை. ஆனாலும் அந்த ஆறு பேரும் நானும் சேர்ந்து 19 இப்போது 26. அந்தக் கடிதத்தை அச்செடுத்துப் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன்.

நீங்கள் ஒரு குழு என்பதற்கு எழுத்தில் ஆதாரமும் கேட்பார்கள். கிளப் மாடியில் உட்கார்ந்து ஒரு பக்க விதிமுறை எழுதினோம். உபரியை உறுப்பினர்களுக்குப் பங்கிடுவதில்லை என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அப்போது எங்கள் உபரி, பிஸ்கட் டப்பாவில் இருந்த 62 பவுண்டு.

வரைபடத்திலும் இடறினேன். எல்லையைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். நிலப் பதிவேட்டின் நகலைத் தேடியபோது, அரசுப் பக்கம்போலவே தோன்றிய தனியார் பக்கம் ஒன்றில் முப்பது பவுண்டுக்கு மேல் கட்டிவிட்டேன். அரசின் நிலப் பதிவகத்தில் நேராக வாங்கினால் பதிவேட்டு நகல் 7 பவுண்டு, வரைபடம் இன்னொரு 7 பவுண்டு. முகவரியை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வாங்கிப் பார்த்தால் நாங்கள் ஒரே இடம் என்று நினைத்தது இரண்டு தனிப் பதிவுகள்: ஆடுகளமும் கிளப் கட்டடமும் ஒன்று, கார் நிறுத்துமிடம் மற்றொன்று.

திருத்திய விண்ணப்பத்தை நேரில் கொடுத்துவிடலாம் என்று அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். முன்பதிவு இல்லாதவரை வரவேற்பு மேசைக்கு அப்பால் விடுவதில்லை. மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் இணைப்பு பெரிது என்று திரும்பி வந்தது. சிறிதாக்கி அனுப்பினால், அந்தப் பொறுப்பிலிருந்தவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார் என்று தானியங்கிப் பதில். ஒருவழியாக நவம்பர் நடுவில் ஏற்றுக்கொண்டார்கள். கவுன்சில் எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எட்டு வாரம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள்.

கவுன்சிலோடு சண்டை போடுவோம் என்று தெரிந்தேதான் இறங்கினோம். எங்கள் கிளப் தலைவரோடு சண்டை வரும் என்று நினைக்கவே இல்லை.

விண்ணப்பம் வந்தால் உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் கவுன்சில் தெரிவிக்க வேண்டும். நிலம் கவுன்சிலுடையது, ஆகவே உரிமையாளர் கவுன்சில் என்று நாங்கள் எழுதியிருந்தோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் 25 ஆண்டுக்குக் குறையாமல் எழுதிய குத்தகை ஒன்று இருந்தால், அந்தக் குத்தகைதாரரே இந்தச் சட்டத்துக்கு உரிமையாளர். டிசம்பர் ஆட்டத்தின் இடைவேளையில் தலைவர் கடிதத்தை நீட்டிக்கொண்டு வந்தார்.

"நாற்பது ஆண்டாக அவர்களுக்கு வாடகை கட்டுகிறோம். இப்போது நாம்தான் உரிமையாளர் என்று கடிதம் வந்திருக்கிறது. நம் சொத்தை நாமே விற்கக் கூடாது என்று நம் ஆள்களே மனுப் போட்டிருக்கிறார்களாம். இது என்ன கூத்து?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. மின்விளக்குக் கோபுரத்துக்காகக் கவுன்சிலிடம் நிதியுதவி கேட்டு அவர் நடையாய் நடந்துகொண்டிருந்த நேரம் அது. "அங்கே நான் கைகட்டி நிற்கிறேன், நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் மனு எழுதுகிறீர்கள்" என்றார். உண்மைதான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவுன்சிலுக்குத் தகவல் கசிந்துவிடும் என்று பயந்து சொல்லாமல் விட்டோம். கடைசியில் கவுன்சிலே அவருக்குச் சொன்னது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: படிவத்தைத் தொடும் முன் கிளப் நிர்வாகக் குழுவிடம் போய் உட்காருங்கள். பட்டியலில் ஏறினாலும், எட்டு வாரத்துக்குள் மறுபரிசீலனை கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அதிலும் தோற்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்கள் விஷயத்தில் அந்த உரிமை எங்கள் தலைவர் கையில் இருந்தது.

மூன்று வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. தேநீர்க் கடை நடத்தும் அம்மையார்தான், இருவரும் ஒரே வரிசையில் நின்றால்தான் தேநீர் என்று பிடிவாதம் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். குத்தகை இருக்கும்வரை கிளப்புக்கு இதனால் நட்டமில்லை, நாளை வேறு யாராவது கிளப்பைப் பிடித்துக் குத்தகையை விற்கப் பார்த்தால்தான் இது குறுக்கே நிற்கும் என்று இரண்டு கோப்பைத் தேநீர் ஆறும்வரை பேசினேன். எதிர்க்க மாட்டேன் என்றார். ஆதரிக்கிறேன் என்று சொல்லவில்லை.

எட்டாவது வாரத்தின் கடைசி நாள், மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிவு வந்தது. ஆடுகளம், இருக்கைக் கூடம், கிளப் கட்டடம் மூன்றும் பட்டியலில் ஏறிவிட்டன, ஐந்து ஆண்டுக்கு. கார் நிறுத்துமிடம் ஏறவில்லை.

சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சமூகத்துக்குப் பயன்படுவது அந்த இடத்தின் முதன்மைப் பயன்பாடாக இருக்க வேண்டும். வேறொன்றைச் சார்ந்த துணைப் பயன்பாடாக இருக்கக் கூடாது. கார் நிறுத்துமிடம் தனிப் பதிவு என்பதால் அதைத் தனியே எடைபோட்டிருக்கிறார்கள். மறுப்புக்குக் காட்டிய மேற்கோள் நான் எழுதிய வாக்கியம்: "மைதானமும் அதைச் சார்ந்த கார் நிறுத்துமிடமும்." சார்ந்த! அந்த ஒரு சொல்லை நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீடு கட்டப் பார்ப்பது அந்த இடத்தில்; விழுந்ததும் அந்த இடம்தான். மேல்முறையீடு செய்யலாம் என்றால், அந்த வழி உரிமையாளருக்கு மட்டுமே. விண்ணப்பித்தவர்களுக்கு இல்லை.

அன்று இரவு நண்பர்கள் வாழ்த்துச் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. "கால்பந்துக்கென்று புது ஒழுங்காற்று அமைப்பு வந்திருக்கிறதே, அவர்களிடம் போகலாமே" என்றார் ஒருவர். 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குகளுக்குத்தான். எட்டாம் அடுக்கை அது ஏறிட்டும் பார்க்காது.

பட்டியல் என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டேன். உரிமையாளர் நமக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு மாதம் முடிந்தால் யாருக்கும் விற்கலாம். சொத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளைக் கைமாற்றினால் அது நில விற்பனையாகவே ஆகாது. எங்களைப் போன்ற பதிவு பெறாத குழுவுக்கு இன்னொரு பொறி: விண்ணப்பிக்கலாம், ஆனால் விற்பனை அறிவிப்பு வரும்போது வாங்குபவராக முன்வந்து அந்த ஆறு மாத நிறுத்தத்தைக் கேட்க முடியாது. அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். கேட்க ஆறு வாரம்தான் கிடைக்கும். அதற்குள் ஒன்றைப் புதிதாகப் பதிந்து முடிப்பது சிரமம். ஆகவே இப்போதே சமூக நலச் சங்கமாகப் பதியும் வேலையில் இருக்கிறோம். பிஸ்கட் டப்பாவுக்கு ஒரு வங்கிக் கணக்கும் தேவைப்படுகிறது.

கார் நிறுத்துமிடத்துக்கு மட்டும் புது விண்ணப்பம் போட்டாயிற்று. புதன்கிழமைகளில் ஐம்பது வயது தாண்டியவர்கள் அங்கே நடைக் கால்பந்து ஆடுகிறார்கள். ஞாயிறு காலை ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஆட்டமில்லாத நாளில் அங்கே ஒரு கார் கூட நிற்பதில்லை. படங்களைத் தேதியோடு இணைத்தோம். கிழக்கு, மேற்கு என்று எல்லையைச் சொன்னோம். 'கார் நிறுத்துமிடம்' என்ற பெயரையே எங்கும் எழுதவில்லை, 'மேற்குத் தளம்' என்றோம். 'சார்ந்த' வருகிறதா என்று மூவர் மாற்றி மாற்றிப் படித்தார்கள். 28 கையெழுத்து, 28 பேரையும் வாக்காளர் பட்டியலில் நாங்களே சரிபார்த்தோம்.

இம்முறை தலைவரிடம் முதலில் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தார். அடுத்த சனிக்கிழமை கிளப்பின் கடிதத்தாளில் ஆதரவுக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்; நல்ல வேளை, அந்த இடத்தில் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகத் தேவையில்லை.

இப்போது மூன்றாம் வாரம் ஓடுகிறது. கவுன்சில் எழுதிக் கொடுத்த தேதியைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் தலைவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வாரத்தை அடிப்பதும் அவர்தான்.