கீபோர்டு புத்தகத்தில் இல்லாத இரண்டாம் சரணம்

பாளையங்கோட்டையில் கீபோர்டு படிக்கிற பிள்ளைகளுக்கு 'ஓ! சுசானா' ஆரம்பப் பாடம். விரல் பழக நல்ல மெட்டு. ஸ்டீபன் ஃபாஸ்டர் எழுதி 1848-இல் அச்சான பாட்டு இது. இன்றைய புத்தகங்கள் விட்டுவிடும் இரண்டாம் சரணத்தில், தந்தியின் மின்சாரம் பெருகி ஐந்நூறு கறுப்பர்களைக் கொன்றதாக ஒரு வரி வருகிறது. வசைச்சொல்லோடு, சிரிப்புக்காக.

அன்றைய கேளிக்கை மேடையே அப்படித்தான். 1843-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு கிளம்பியது: ஃபிடில், பான்ஜோ, டாம்பரின், எலும்புக் கட்டை. கறுப்பர் வேஷத்துக்காகத் தக்கையைச் சுட்டுப் பொடித்து, தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள். பின்னால் வந்த குழுக்கள் அரைவட்டமாக உட்கார்ந்தன. நடுவில் இருப்பவர் கனமாகக் கேள்வி கேட்பார், இரு ஓரத்து ஆட்களும் கோணலாகப் பதில் சொல்வார்கள். வில்லுப்பாட்டில் புலவரும் பக்கப்பாட்டும் பேசிக்கொள்வது போன்ற அமைப்புதான். ஆனால் அங்கே 'கறுப்பன் என்றால் முட்டாள்' என்பதுதான் ஒவ்வொரு பதிலும். பான்ஜோவோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம்! பிற்பாடு பெர்ட் வில்லியம்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களே மேடையேற முகத்தில் கரி பூச வேண்டியிருந்தது.

டிசம்பர் கீத பவனியில் பாடுகிற 'ஜிங்கிள் பெல்ஸ்' கூட 1857-இல் பாஸ்டனில் இப்படியொரு கரிமுக மேடையில்தான் முதலில் பாடப்பட்டது. வரிகளில் இனம் பற்றி எதுவும் இல்லை. பாடலாம், தப்பில்லை.

வார்த்தையை விட மோசம், வாத்தியத்தில் ஒளிந்திருப்பது. ஆண்டு விழாவில் 'சைனீஸ் டான்ஸ்' என்றதும் ஒரு துணுக்கு ஒலிக்குமே, அதைப் பிரித்துப் பாருங்கள். சி-யை ஷட்ஜமாக வைத்தால் 'த த த த' வேகமாக, பிறகு 'ப ப க க ப'. மொத்தம் ஒன்பது ஸ்வரம். தைவதத்துக்கு அடியில் காந்தாரம் என்ற கணக்கில் இன்னொரு குரல் கூடவே ஒட்டி வரும். மேல்குரலை மட்டும் வாசித்தால் மோகனத்தின் சாயல். கீழ்க்குரலும் சேர்ந்தால்தான் அந்தக் 'கார்ட்டூன் சீனம்' பிறக்கிறது. சீனாவில் பிறந்ததல்ல, மேற்கத்திய மேடை செய்தது. 1882-இல் சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடாமல் தடுத்த அமெரிக்காவில், இந்த மாதிரிச் சத்தங்கள் மட்டும் தாராளமாகப் புழங்கின. ஆகவே கூம்புத் தொப்பியை எடுத்துவிட்டு டிராக்கை அப்படியே ஓட விடுவதில் பிரயோசனமில்லை. அந்த ஒன்பது ஸ்வரத்தை வெட்டுங்கள், குறைந்தது கீழ்க்குரலையாவது.

அதே மேடையில் செவ்விந்தியர் என்றால் நான்கு சமமான அடி, முதல் அடி மட்டும் ஓங்கி. இடது கையில் வெறும் ச-ப. மேற்கத்தியர்களின் பாம்பாட்டி மெட்டு 1893 சிகாகோ கண்காட்சியோடு பரவியது. தானே அதைப் போட்டதாகச் சொன்னவர் அங்கே கேளிக்கைகளை நிர்வகித்த சால் ப்ளூம். நம்மூர் நையாண்டி மேளத்தில் மகுடி என்று வாசிக்கும் புன்னாகவராளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அமெரிக்காக்காரன் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கொடை மேடைகளில் கரகாட்டத்தோடு நடந்த குறவன் குறத்தி ஆட்டம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சமூகத்தார் எதிர்த்தார்கள். 2023-இல் அரசு தடை விதித்தது. இத்தனைக்கும் நம்ம குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் அழகான வரிகள் சிங்கியின் வாயில்தான் வருகின்றன.

பழைய அமெரிக்கப் பாட்டை மேடையேற்றும் முன் முதல் அச்சுப் பிரதியைத் தேடிப் பாருங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி சேகரிப்பில் பழைய பாட்டுத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முதலில் அட்டைப்படம். அடுத்து, இன்ன மின்ஸ்ட்ரல் (கரிமுக) குழு பாடியது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாச் சரணங்களையும் படியுங்கள்; கோளாறு பெரும்பாலும் இரண்டு, மூன்றில்தான் இருக்கும். கறுப்பர் கொச்சை என்று காட்ட 'தி'யை 'டெ' என்றும் 'வித்'தை 'விட்' என்றும் அச்சிட்டிருந்தால், மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை.