கயிற்றின் மறுமுனை

இரவு 11.10-க்குப் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண் குரல்.

“சார், வால்பாறையிலருந்து பேசறேன். எங்க வீட்டுக்காரரு ஆறரைக்கு டவருக்குப் போறேன்னு கிளம்பினாரு. இன்னும் வரல. போனும் போக மாட்டேங்குது. எந்த டவருக்குப் போனாருன்னு மட்டும் சொல்லுங்க, எந்தம்பிய அனுப்பிப் பாக்கறேன்.”

எந்த டவர் என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் அவருக்கு மேற்பார்வையாளர்.

2017 ஜூலை. செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில், பொள்ளாச்சியில் இருந்துகொண்டு மலைமேல் இருக்கும் சைட்டுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்பாறைக்கு இரண்டே டெக்னீசியன்கள். மூத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆள் முன்னால் என்னை ‘சார்’ என்பார், தனியாக இருந்தால் ‘தம்பி’. நான் எப்போதும் ‘அண்ணே’தான். அன்றைக்கு மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, மூன்று சைட்டுகளில் ஒரே நேரத்தில் கரண்ட் போயிருந்தது. மூன்றும் அவர் பொறுப்பில் இருந்தவை.

டவர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் சைட் உடனே படுத்துவிடாது. 48 வோல்ட் பேட்டரி வரிசை தாங்கும். அது இறங்குவதற்குள் ஒருவர் போய் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிவிட வேண்டும். இதற்கிடையில் சைட் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். கரண்ட் இல்லை, பேட்டரி குறைகிறது, டீசல் இவ்வளவு இருக்கிறது, அறைக்குள் சூடு ஏறுகிறது, கதவு திறந்தது, கதவு மூடியது என்று ஒவ்வொன்றும் கண்காணிப்பு மையத்துத் திரையில் சிவப்பு வரியாக வந்து விழும்.

அந்த அம்மாவை லைனில் வைத்துக்கொண்டே மையத்தில் இருந்த பையனை இன்னொரு போனில் பிடித்தேன். மூன்று சைட்டுகளின் பதிவையும் படிக்கச் சொன்னேன். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், “7.12-க்குக் கதவு திறந்திருக்கு சார். 7.50-க்கு பேட்டரி இறங்கி சைட் டவுன்” என்றான். கதவு மூடியதா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. “மூடின வரி இல்ல சார்.”

நான்கு மணி நேரமாக அந்த வரி திரையில் இருந்திருக்கிறது. திருட்டு நடந்தால் தெரியட்டும் என்று வைத்த அலாரம் அது. திறந்தது நம் ஆள்தான் என்று தெரிந்ததும், ‘டெக்னீசியன் சைட்டில் இருக்கிறார்’ என்று எழுதி அடுத்த புகார்ப் பதிவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் திரையில் சைட்டுக்கு ஒரு வரி இருந்தது, ஆளுக்கு வரி இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நானும் அதுவரை யோசித்ததில்லை.

பொள்ளாச்சியிலிருந்து நான் கிளம்பினால் 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, அந்த மழையில் மூன்று மணி நேரம். இளைய டெக்னீசியனும் அந்த அம்மாவின் தம்பியும் எஸ்டேட் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனார்கள். 12.40-க்குக் கண்டுபிடித்தார்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கும் தேயிலைக்கும் நடுவிலிருந்த ஓடையில் கிடந்தார். கணுக்காலும் இடுப்பும் முறிந்திருந்தன. 108-இல் ஏற்றும்போது உடம்பு வெடவெடவென்று நடுங்கியதாம். காலில் இருந்து அட்டைகளைப் பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்தன என்று இளையவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நடந்ததை அவரே சொன்னார். ஜெனரேட்டருக்கு ஏறும் இரும்புப் படியில் பாசி. நான்கடி உயரம்தான். விழுந்த வேகத்தில் போன் கையைவிட்டுத் தெறித்துக் கீழே தேயிலைச் செடிக்குள் போய்விட்டது.

“வெளிச்சம் தெரிஞ்சுது தம்பி. எட்டிப் புடிக்கலாம்னு பாத்தேன், இடுப்பு நகரல. கொஞ்ச நேரத்துல அடிச்சுது. யாரோ கூப்புடறாங்க, எடுக்கலைன்னா வந்துருவாங்கன்னு நெனச்சேன். நாலு தடவ அடிச்சுது. அப்பறம் அதுவும் நின்னு போச்சு.”

அடித்தது எங்கள் மையம்தான். ஜெனரேட்டர் எப்போது ஓடும் என்று கேட்க அழைத்திருக்கிறார்கள். எடுக்கவில்லை என்றதும் வேலையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். 7.50-க்குப் பேட்டரி இறங்கியதோடு அந்தப் பள்ளத்தில் சிக்னலும் போயிற்று. போன் கையிலேயே இருந்து, பக்கத்தில் வேறு எந்த நிறுவனத்தின் டவராவது எட்டியிருந்தால் அவசர எண் 112-க்காவது அழைப்பு போயிருக்கும். அங்கே எட்டியது அந்த ஒரு டவர்தான். எங்கள் வேலையே அப்படித்தான். எந்த இடத்தில் போன் வேலை செய்யவில்லையோ அந்த இடத்துக்குத்தான் ஆளை அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, ஏதாவது என்றால் போன் பண்ணுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நிறுவனத்தின் விசாரணை அறிக்கை ஒரு பக்கம். ‘உரிய காலணி அணியாமல் ஈரப்படியில் ஏறியதால்’ என்று முடிந்திருந்தது. ஐந்தரை மணி நேரம் அவர் மழையில் கிடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விழுந்ததற்குக் காலணி காரணமாக இருக்கலாம், கிடந்ததற்கு நாங்கள் காரணம் என்று எழுதி, அந்தப் பக்கத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அந்த எழுத்தில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

இத்தனைக்கும் பாதுகாப்பு விதிகள் எங்களிடம் இல்லாமல் இல்லை. டவரில் யாரும் தனியாக ஏறக்கூடாது. முழு உடல் பெல்ட், இரட்டைக் கொக்கி, ஒன்றை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். பெல்ட் காப்பாற்றினாலும் அதில் தொங்கிக்கொண்டே இருந்தால் காலில் ரத்தம் தேங்கி ஆள் மயங்கிவிடுவார், அதனால் கீழே இறக்க இரண்டாவது ஆள் அருகிலேயே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். எல்லாம் உயரத்துக்கான விதிகள். தரையில் செய்யும் வேலையை நாங்கள் ஆபத்து என்றே எண்ணவில்லை. ஆகவே தரைக்கு ஒரே ஆள் போதும். அண்ணன் விழுந்தது நான்கடியில்.

அந்தச் சமயத்தில்தான் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதில் 36-ஆம் பிரிவு, விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி போன்ற இடங்களைப் பற்றியது. விஷவாயு இல்லை என்று எழுத்துச் சான்று இல்லாவிட்டால், உள்ளே இறங்குகிறவர் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க வேண்டும், பட்டையில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. வெளியே கம்பத்தில் கட்டிவைத்தால் போதும் என்று அதில் இல்லை. ஒரு ஆள் பிடித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டப் போனவர்களுக்கு இது சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளக்கைக் கட்டி இறக்கி, அணைகிறதா என்று பார்த்துத்தான் ஆள் இறங்குவார். மேலே கயிறு பிடிக்கிறவர், உள்ளே போனவர் தலை வெளியே தெரிகிறவரை பீடி பற்றவைக்கக்கூட நகரமாட்டார். என் தாத்தா அப்படிக் கயிறு பிடித்தவர்.

எங்கள் வேலையில் அந்தக் கயிற்றை யார் பிடித்திருந்தது என்று யோசித்தால், அண்ணனின் மனைவிதான். சம்பளம் இல்லாமல், எந்த டவர் என்றுகூடத் தெரியாமல், வாசலில் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

முதலில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஒரு செயலி வாங்கினார்கள். அரை மணிக்கு ஒருமுறை பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்காவிட்டால் எச்சரிக்கை போகும். மழையில் நனைந்த விரலுக்குத் திரை அசையாது. சிக்னல் இல்லாத சைட்டில் அதுவே செத்துக் கிடக்கும். நல்லபடியாக இருக்கிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வந்து வந்து, மூன்றே வாரத்தில் மையத்தில் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அத்தோடு, ஆள் இருக்கும் இடத்தை நாள் முழுக்கப் பதிவு செய்யும் வசதியும் அதில் இருந்தது. “நாங்க எங்க டீ குடிக்கறோம்னு பாக்கறதுக்கா இது?” என்று பையன்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு மேலாளர் நிஜமாகவே அதை வைத்து ஒருவருக்கு விளக்கக் கடிதம் அனுப்பினார். அதன்பிறகு போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பாதுகாப்புக்கு என்று வாங்கிய பொருள் இருந்த போனையும் பிடுங்கிக்கொண்டது.

கடைசியில் நிலைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. கிளம்புகிறவர் மூன்று விஷயம் சொல்வார்: எந்த சைட், எந்த வழி, எத்தனை மணிக்குச் சிக்னல் உள்ள இடத்துக்குத் திரும்புவேன். திரும்பும் இடமும் முன்கூட்டியே பேசி வைத்தது. ஒரு சைட்டுக்கு டீக்கடை, இன்னொன்றுக்கு எஸ்டேட் ஆபீஸ் வாசல். கேட்டுக்கொள்கிறவர் பெயரும் நோட்டில் இருக்கும், ‘கண்காணிப்பு மையம்’ என்று பொதுவாக எழுதக்கூடாது. சொன்ன நேரம் தாண்டி முப்பது நிமிடம் ஆனால், அவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆள் அனுப்பலாம். இந்த ‘அனுமதி கேட்காமல்’ என்ற இரண்டு சொல்லுக்காக மேலே நான்கு மாதம் பேச வேண்டியிருந்தது. வீணாக ஜீப் போனால் வாடகை யார் தலையில் என்று கேட்டார்கள். முதல் வருடத்தில் ஏழு முறை ஜீப் வீணாகப் போனது. ஒருவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்தமுறை ஜீப் அனுப்பத் தயங்கியிருப்பார்கள்.

இரவு வேலைக்கு வால்பாறையே எங்களுக்கு வழி காட்டியது. அங்கே இருட்டில் நடந்துபோய் எதிர்பாராமல் யானை முன்னால் நின்று உயிரிழந்தவர்கள் பலர். யானை அங்கே நிற்பது முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கமாட்டார்கள். இதைப் புரிந்துகொண்டு நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமாரும் குழுவினரும் 2011 முதல், யானை எங்கே நிற்கிறது என்று அந்தச் சுற்றுவட்டார மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்து, போன் அழைப்பு மூலம் எரியவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிற தோட்டத் தொழிலாளி தலை தூக்கிப் பார்த்தாலே போதும். எங்கள் எல்லா டெக்னீசியன்களின் எண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். யானை இருக்கிறது என்று செய்தி வந்தால் சைட் விடியும்வரை கிடக்கட்டும் என்பது விதி. சைட் படுத்துக்கிடந்தால் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த அபராதத்தை எங்கள் நிறுவனம் கட்டியது. பிறகு இரண்டு சைட்டுகளுக்குக் கூடுதல் பேட்டரி வைத்ததும் அந்த அபராதமே அநேகமாக வரவில்லை. ஆளை இருட்டில் அனுப்பாமல் இருக்க ஒரு பேட்டரி போதுமாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பின்னால் புது டவருக்கு இடம் பார்க்கும் வேலைக்கு ஒரு பெண் பொறியாளர் வந்தார். முன்பின் தெரியாத வீட்டு மாடிகளுக்குத் தனியாகப் போகிற வேலை. தனக்கு யானையைவிட மாடிக்கதவைச் சாத்துகிறவர்கள்தான் பயம் என்றார். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகிற எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடம் என்றே சொல்கிறது. எங்கள் நிறுவனத்தில் அதுவரை பணியிடம் என்றால் ஆபீஸ் கட்டடம் மட்டும்தான். நோட்டில் அவருக்காக ஒரு வரி கூடியது. ‘அந்த மஞ்சள் ஃபைலை எடுத்து வையுங்க’ என்று அவர் போனில் சொன்னால், கேட்பவர் வேறெதுவும் கேட்காமல் ஆள் அனுப்ப வேண்டும். இரண்டு வருடத்தில் ஒருமுறை சொன்னார். பக்கத்துத் தெருவில் இருந்த டவரில் ஏறி வேலை செய்யும் எங்கள் ரிகர்கள் நான்கு பேர் ஆறு நிமிடத்தில் அந்த மாடியில் நின்றார்கள்.

அண்ணனுக்கு நடை சரியாக வர ஒரு வருடம் ஆனது. மலைச் சைட்டுக்குத் திரும்பவும் அனுப்ப முடியாது என்றார்கள். வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தவர்களிடம் மன்றாடி, ராத்திரி நோட்டை அவர் கையில் கொடுக்க வைத்தேன். வால்பாறை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்தப் பகுதியின் ஒவ்வொரு படியும் எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்தவர். அவர் மனைவி பக்கத்தில் விழித்திருந்து ஃபிளாஸ்கில் டீ வைத்துக்கொடுப்பார்.

ஒருமுறை மழைக்காலத்தில் அங்கே தங்கினேன். ராத்திரி 9.40-க்கு இளையவரிடமிருந்து போன். “அண்ணே, வந்துட்டேன்.”

“எங்க வந்துட்ட?”

“வீட்டுக்குத்தாண்ணே.”

“உள்ளயா, வாசல்லயா?”

“வாசல்ல... செருப்பக் கழட்டறேன்.”

“உள்ள போ. அந்த லைன் வீட்டுப் பக்கம் போன வாரம்தான் சிறுத்தை வந்துச்சு. தாழ்ப்பாள் போடு, நான் இருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடியே பேனாவைத் திறந்தார். நோட்டில் எழுதவில்லை. அந்தப் பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம்தான் எழுதினார், 9.42 என்று.